மேயும் பசு எதை உண்கிறது?

“மலை முழுதும் பச்சைப் புல் இருக்கையில் பால் ஏன் குறைகிறது?” நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில் மாடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் வினா இது. கேட்டவுடன் புல்லைக் குறை கூறுவர். அன்றேல் கடன்பட்டுப் புண்ணாக்கு வாங்குவர். பசு உண்மையில் எதை உண்கிறது என்று பார்ப்போர் சிலரே.

புல்லின் தரமறிய, கண்ட இடத்தில் ஒரு பிடியை அடியோடு அறுத்துச் சோதிப்பதுண்டு. இம்முறை பிழையான விடையையே தரும் என்பது என் கருத்து. தேயிலைச் செடியை அடியோடு வெட்டி அரைத்து, அதுவே தேயிலையின் தரம் என்போமா? கொழுந்து பறிக்கும் கை முற்றிய இலையை விடுவதுபோல, பசுவும் இளம் இலையை நாவினால் வளைத்துப் பறித்து, முற்றிய தண்டை விட்டுவிடுகிறது. கிக்கூயுப் புல்லின் நுனியிலையிற் புரதம் மிகுதி, அடித்தண்டிற் குறைவு. ஆகவே அறுத்த மாதிரி, பசுவின் உணவைத் தாழ்த்திக் காட்டும்.

உணவுக்குழாயில் துளையமைத்து, பசு விழுங்கியதையே எடுத்துச் சோதிக்கும் முறை 1950ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சி நிலையங்களிற் பரவியது. அதற்குச் சத்திர சிகிச்சை வேண்டும். உமிழ்நீரும் மாதிரியிற் கலந்துவிடும். நமக்கு ஏற்றது கையாற் பறிக்கும் முறையே. காலையும் மாலையும் மூன்று நான்கு பசுக்களைப் பின்தொடருங்கள். அவை எப்புல்லை எவ்வுயரத்திற் கடிக்கின்றனவோ, அப்பகுதியையே அருகிற் பறியுங்கள். சில நாட் பறித்தவற்றை உலர்த்திக் கலந்து, கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி சோதனைக்கு அனுப்புங்கள். உலர்பொருளிற் புரதம் நூற்றுக்கு 7 பங்களவிற்குக் கீழே இறங்கின், இரைப்பை நுண்ணுயிர்கள் வலிகுன்றி, பசு உண்ணும் அளவும் குறையும். பாற்பசுவுக்கோ இதனினும் மிகுதி வேண்டும்.

லயத்தருகே கட்டித் தீனியிடுவோர், இட்ட புல்லையும் மறுநாள் மிஞ்சியதையும் நிறுத்துப் பாருங்கள். மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்ற நடப்படும் குவாத்தமாலாப் புல்லை முற்றவிட்டு அறுத்தால், தண்டு தொட்டியிலேயே கிடக்கும். அது உணவன்று, வீணே சுமந்த சுமை. சாணமும் ஒரு சாட்சியாகும்: அது கெட்டியாய் அடுக்கடுக்காய் விழுந்தால், தீனியில் நார் மிகுதி, புரதம் குறைவு எனக் கொள்ளலாம்.

மாதிரி நன்றாயிருந்தும் பால் குறையின், புல்லின் அளவிலோ குடற்புழுவிலோ காரணத்தைத் தேடுங்கள். புண்ணாக்கு வேண்டாமென்பது என் வாதமன்று. கைப்பணத்தைச் செலவிடுமுன், பசுவின் வாயைப் பார்த்துத் தீர்மானியுங்கள் என்பதே.