காவடியில் வந்த சோறு

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பினாங்குப் பாலத்தில் மாணவர் பேருந்துகளுக்குக் குறைவிராது. வெள்ளி இரவு புறப்பட்டு, சனியும் ஞாயிறும் ஜார்ஜ் டவுனில் சுற்றி, ஞாயிறு இரவு வீடு திரும்புவது வழக்கம். அப்பேருந்துகள் பலவற்றில் பிள்ளைகளின் கையில் ஒரு தாளும் இருக்கும். 'பினாங்கில் கட்டாயம் சுவைக்க வேண்டிய பத்து உணவுகள்' என்பது அதன் தலைப்பு. நாசி கண்டார், ஆசாம் லக்சா, சார் குவே தியாவ், ஹொக்கியன் மீ, பசெம்பூர், செண்டோல் என்று அது நீளும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சிறு கட்டம். உண்டவுடன் கட்டத்தில் ஒரு குறி. ஞாயிறு மாலைக்குள் பத்துக் கட்டமும் நிறைந்துவிட்டால் சுற்றுலா வெற்றி பெற்றதாகப் பொருள்.

'கட்டாயம்' என்னும் சொல்லைத் தமிழாசிரியர் இத்தனை மலிவாக வழங்கலாமா? கட்டாயக் கல்வி உண்டு. கட்டாய வரி உண்டு. கட்டாயச் செண்டோல் எச்சட்டத்தின்படி வந்தது? சுற்றுலா நிறுவனங்கள் அச்சிடும் விளம்பரத் தாளில் அச்சொல் இருப்பதில் வியப்பில்லை. அவற்றின் தொழில் அது. அதே தாளைப் படியெடுத்து, பள்ளியின் பெயரை மேலே பொறித்து, மாணவர்க்கு வழங்கும் ஆசிரியர் தம் தொழிலை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். எதை உண்பது, எங்கே உண்பது என்னும் இரண்டு கேள்விகளுக்கு அத்தாள் விடை தரும். யார் சமைத்தார், எங்கிருந்து வந்தார், ஏன் இப்படிச் சமைத்தார் என்னும் கேள்விகளை அது எழுப்புவதே இல்லை. ஆசிரியர் உடன் செல்வது இக்கேள்விகளை எழுப்புவதற்காக அன்றோ?

பட்டியலின் முதலிடத்தில் நிற்கும் நாசி கண்டாரையே எடுத்துக்கொள்ளலாம். 'நாசி' என்பது மலாயில் சோறு. 'கண்டார்' என்பது தோளில் வைத்துச் சுமக்கும் தடி. இரு முனைகளிலும் சுமையைத் தொங்கவிட்டு நடப்பதற்கு உரியது. ஒரு முனையில் சோறு, மறு முனையில் கறிச்சட்டிகள். தமிழ் முஸ்லிம் வணிகர் இச்சுமையைத் தோளேற்றிக்கொண்டு துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் நடந்தனர். மூட்டை தூக்கும் தொழிலாளிக்குக் குறைந்த காசில் வயிறு நிறைய வேண்டும். உழைத்துக் களைத்த உடம்புக்கு உறைப்பான குழம்பு வேண்டும். மீன் கறியும் முட்டையும் வெண்டைக்காயும் அந்தத் தேவைக்குச் சமைக்கப்பட்டவை. இன்று அந்தச் சோறு கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னே, வரிசையாக அடுக்கிய கறித்தட்டுகளுடன், நள்ளிரவிலும் விற்பனையாகிறது. சுமந்தவரின் தோளும் தடியும் மறைந்துவிட்டன. பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. அப்பெயரையும் பொருள் அறியாமலே மாணவன் உச்சரிக்கிறான்.

அத்தடிக்குத் தமிழில் பெயர் இல்லையா? உண்டு, காவடி. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவும் தடி காவடியாயிற்று என்பர். பினாங்கின் தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்தன்று காவடி எடுக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இச்சொல்லை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் காவடி என்றால் முருகனுக்கு எடுப்பது என்ற அளவில் அவன் அறிவு நின்றுவிடுகிறது. அதே ஊரில், அதே போன்ற தடியைத் தோளில் வைத்து, வேறொரு சமயத்தைச் சேர்ந்த தமிழர் சோறு விற்றுப் பிழைத்தார் என்பதை அவனுக்குச் சொன்னவர் இல்லை. சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். சொல்லாமலே விட்டு, ஊர் திரும்பியதும் கட்டுரை எழுதப் பணித்தால், 'நாங்கள் நாசி கண்டார் உண்டோம்' என்று அவன் எழுதுகிறான். மலாய் அறியாத அயல்நாட்டுத் தமிழர் எவரேனும் அவ்வரியைப் படிப்பாராயின், மூக்கைக் கண்டவர் யாரோ, அவரைப் பிள்ளைகள் உண்டது ஏனோ என்று திகைப்பார். இது சிரிப்பதற்குரிய செய்திதான். ஆனால் அச்சிரிப்பு மாணவனைச் சுடாது, ஆசிரியரைச் சுடும்.

இதற்காக நாசி கண்டாரைக் 'காவடிச் சோறு' என்று மாற்றி எழுதுமாறு மாணவரை வருத்த வேண்டியதில்லை. ஊர் வழங்கும் பெயரை மாற்றுவது எந்தப் பண்டிதராலும் ஆகாத செயல். பெயருக்குள் இருக்கும் பொருளைத் திறந்து காட்டினால் போதும்.

பட்டியலை வெறுக்கும் ஆசிரியரும் உண்டு. அவர்கள் வேறொரு வகையில் தவறுகின்றனர். "நம் உணவு இருக்க, கண்டதையும் பிள்ளைகளுக்கு ஏன் ஊட்ட வேண்டும்?" என்று கேட்டு, பேருந்தை நேரே லிட்டில் இந்தியாவுக்குத் திருப்பி, தோசையும் வாழையிலைச் சாப்பாடும் வாங்கித் தந்து அழைத்துவந்துவிடுவர். தோசை குற்றமன்று. அதை ஈப்போவிலும் கிள்ளானிலும் உண்ணலாம். குற்றம் 'நம்' என்னும் சொல்லில் இருக்கிறது. மாமாக் கடை என்றால் அது பிறருடையது என்று ஒதுக்கும் மனப்பான்மை தமிழாசிரியர் சிலரிடம் இன்னும் மறையவில்லை. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் இராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்களிலிருந்தும் கப்பலேறி வந்தவர் பேசிய மொழி எது? 'மாமாக்' என்னும் சொல்லே தமிழ்க் குழந்தை வாயிலிருந்து வரும் 'மாமா' என்பதன் திரிபு என்றுதான் பலரும் கூறுவர். உறவுப் பெயரால் அழைக்கப்பட்டவரை உறவல்லர் என்று தள்ளிவைப்பது தமிழ்ப் பண்பாகாது. சமயம் வேறாகலாம். அதனால் தமிழ் வேறாகிவிடுமா?

ஜார்ஜ் டவுனின் தெருக்களே இவ்வேறுபாட்டை ஏற்பதில்லை. பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு இத்தீவில் குடியேற்றத்தைத் தொடங்கியபின், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரும் தொழிலாளரும் நிறைந்த தெரு, சூலியா தெரு எனப் பெயர் பெற்றது. 1801இல் தொடங்கிய காப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதன் அருகில் நிற்கிறது. நாகூர் ஆண்டவர் பெயரால் எழுந்த தர்காவும் அத்தெருவிலேயே உண்டு. 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலுக்கு அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் போதும். இவையெல்லாம் அடங்கிய பழைய நகரைத்தான் யுனெஸ்கோ 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இத்தெருக்களின் நடுவே விற்கப்படும் சோற்றை, 'பட்டியலில் முதல் உணவு' என்று ஒரு குழுவினர் விழுங்குகின்றனர்; 'நம் உணவன்று' என்று மற்றொரு குழுவினர் விலகுகின்றனர். இரு குழுவினரிடமும் பிள்ளை கற்பது ஒன்றுமில்லை.

மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமும் இதே ஊரில்தான். 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கணக்கிட்டு, 2016இல் நாடெங்கும் தமிழ்ப்பள்ளிகள் 200ஆம் ஆண்டைக் கொண்டாடின. மேடைதோறும் பினாங்கின் பெயர் முழங்கியது. கொண்டாடிய ஆசிரியர்களே மாணவரை அழைத்துக்கொண்டு அவ்வூருக்கு வரும்போது, கையில் கட்டமிட்ட தாளை ஏந்தி வருவதை என்னென்பது!

உணவுப் பெயர்களில் தமிழ் எவ்வாறு வாழ்கிறது என்பதற்குத் தனி நூல் வேண்டாம். ஒரு காலைப்பொழுது போதும். மலாய்க்காரர் 'காரி' என்பது கறி. அவர்கள் 'கெடாய்' என்பது கடை. 'அப்போம்' என்று கூவி விற்கப்படுவது ஆப்பம். தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவி விற்கும் 'புத்து மாயாம்' வேறொன்றுமன்று. வீட்டில் பாட்டி பிழிந்து தரும் இடியப்பமே. வீட்டில் ஒரு பெயரும் தெருவில் ஒரு பெயரும் சொல்லி இரண்டையும் உண்டு வளர்ந்த பிள்ளை, இரண்டும் ஒன்று என்று பன்னிரண்டு வயதிலும் அறியாமல் இருப்பதைக் காணலாம். கடைக்காரர் உடுத்தியிருக்கும் 'பெலிக்காட்' கைலியின் பெயர்கூடப் பழவேற்காட்டிலிருந்து வந்தது. உணவைப் பற்றிப் பேச வந்த இடத்தில் உடை எதற்கு என்று கேட்பவர், பழவேற்காட்டை நிலப்படத்தில் மாணவருக்குக் காட்டிவிட்டுப் பிறகு கேட்கலாம்.

மாமாக் மீ கோரெங் இன்னும் சுவையான பாடம். மஞ்சள் மீ சீனருடையது. அதைத் தமிழ் முஸ்லிம் சமையற்காரர் வாங்கி, உருளைக்கிழங்கும் மிளகாய் விழுதும் சேர்த்து, தம் கைப்பக்குவத்தில் வாட்டி எடுத்தார். மலாய்ப் பெயரோடு அது விலைபோகிறது. கலப்பு என்றாலே முகம் சுளிக்கும் தூய்மைவாதிகள் இத்தட்டின் முன் சற்று அமர்ந்து எண்ணிப் பார்க்கட்டும். எழுதும் தமிழில் தூய்மை வேண்டும் என்பது சரி. பிழைக்க வந்த ஊரில் அடுத்த வீட்டாரின் பண்டத்தை வாங்கிச் சமைத்தவனிடம் அதே அளவுகோலை நீட்டுவது முறையன்று.

ஆசாம் லக்சா, சார் குவே தியாவ் ஆகியவற்றில் தமிழர்க்குப் பங்கில்லை. ஆதலின் அவற்றை விலக்கலாம் என்பதும் இங்குச் சொல்லப்படவில்லை. கெம்போங் மீனை அவித்து உதிர்த்து, புளியும் காந்தான் பூவும் இட்டுக் காய்ச்சும் லக்சாவின் புளிப்பு, புளிக்குழம்பில் வளர்ந்த நாவுக்கு அயலாகத் தோன்றாது. இரும்புச் சட்டியில் பெருந்தீயில் புரட்டப்படும் குவே தியாவும் துறைமுக நகரின் உழைப்பாளிகள் உண்டு வந்ததே. அதையும் அதன் மக்களின் வரலாற்றோடு சேர்த்துச் சொல்லலாம்.

மறுப்புகள் உண்டு. ஐம்பது பிள்ளைகளை அழைத்துச் சென்று நேரத்துக்கு உணவு தந்து, எவரும் காணாமற்போகாமல் திருப்பிக் கொண்டுவருவதே பெரும்பாடு. இதில் வரலாறு எங்கே சொல்வது என்பர். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு நாளில் பத்துக் கடைகளுக்கு ஐம்பது பிள்ளைகளை இழுத்துச் செல்வதைவிட, இரண்டு கடைகளில் அமரவைப்பது எளிதன்றோ? நேரத்தைத் தின்பது பட்டியலேயாகும்.

பிள்ளைகள் பலர் மாட்டிறைச்சி உண்ணார்; சிலர் மரக்கறி மட்டுமே உண்பர் என்பது அடுத்த மறுப்பு. இதுதான் பட்டியலுக்கு எதிரான வலிமையான சான்று. நாசி கண்டார் கடைகள் பலவற்றில் மாட்டிறைச்சிக் கறியும் இருக்கும். பல குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சோற்றில் ஊற்றுவது அங்குள்ள மரபு. சீனர் கடைச் சார் குவே தியாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதும் உண்டு. பத்து உணவுகளைக் 'கட்டாயம்' என்ற தாள் இவற்றுள் ஒன்றையேனும் எச்சரித்ததா? கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்பது மாணவனாகவே இருக்கட்டும். "மாமா, மீன் குழம்பு மட்டும் ஊற்றுவீர்களா? அதே கரண்டியை வேறு சட்டியில் போடுவீர்களா?" என்று பணிவோடு தமிழில் கேட்கப் பழக்கினால், வகுப்பறையில் உரையாடற் பயிற்சி என்று செயற்கையாக நடத்துவது தெருவில் உயிர்பெறும். தமிழில் மறுமொழி வந்தாலும் பாடம். மலாயில் வந்தாலும், அக்குடும்பத்தில் தமிழ் எத்தலைமுறையில் நின்றது என்று எண்ணத் தூண்டும் பாடம், முன்னதைவிடக் கசப்பானது.

தேர்வு நெருக்குகிறது என்ற பழைய மறுப்பு இனிச் செல்லாது. ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வு போனபின்னும் தேர்வுக் கட்டுரை போகவில்லை. 'காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்' என்று தொடங்கி, 'பல வகை உணவுகளை உண்டு, மனமகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்' என்று முடியும் பினாங்குக் கட்டுரையை ஆசிரியர் திருத்தித் திருத்தி மனப்பாடமே செய்திருப்பார். அந்தப் 'பல வகை உணவுகள்' என்னும் தொடரில் பட்டியலின் பத்துக் கட்டங்களும் புதைந்து கிடக்கின்றன.

சமைக்கும் கையைப் பற்றி அரசே கவலைப்படுகிறது. அங்காடி உணவுகள் சிலவற்றை அயல்நாட்டார் சமைத்து விற்பதைப் பினாங்கு மாநில அரசு 2016 முதல் தடுத்தது. உணவின் அடையாளம் கெடக்கூடாது என்பது அதன் வாதம். அத்தடை சரியா தவறா என்பது வேறு வழக்கு. மேல்வகுப்பு மாணவர் அதை விவாத மேடையில் எடுத்துக்கொள்ளலாம். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, மலேசியரின் காலையுணவுப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அதில் இடம்பெற்றன. பின்னிரண்டையும் மாமாக் கடைகள் இல்லாமல் இந்நாட்டில் எவரும் எண்ணிப் பார்க்க இயலாது. உலக அவை ஏற்றுக்கொண்ட கைகளைத் தமிழ்ப்பள்ளிப் பேருந்து மட்டும் பார்க்காமலே கடந்து போகிறது.

அடுத்த விடுமுறைக்குப் பேருந்து பேசும் ஆசிரியர், தாளைப் படியெடுக்குமுன் ஒன்று செய்யலாம். பத்துப் பெயர்களில் எட்டை அடித்துவிட்டு, எஞ்சிய இரண்டின் எதிரே கட்டத்துக்குப் பதிலாக மூன்று வெற்று வரிகளை விடலாம். கடைக்காரரின் பூர்வீக ஊர் ஒரு வரியில். அவருக்குச் சமைக்கக் கற்றுத் தந்தவர் யார் என்பது ஒரு வரியில். அப்பண்டத்துக்கு அவர் வீட்டில் வழங்கும் பெயர் மூன்றாம் வரியில். சனிக்கிழமை காலை, சூலியா தெருவில் கூட்டம் சேருமுன் கேட்டால் கடைக்காரருக்கும் பேச நேரமிருக்கும்.