பழைய சான்ட்ரோவுக்கும் ஒரு இஎம்ஐ இருக்கு!



"ஒன்றரை லட்சத்துக்கு ஒரு பழைய சான்ட்ரோ வருது, எடுக்கலாமா? இல்ல, லோன் போட்டு புதுசே வாங்கிடலாமா?" வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. என் பதில்: எடுக்கலாம். ஆனால் அந்தக் காருக்கும் மாசாமாசம் ஒரு இஎம்ஐ கட்டத் தயாரா இருக்கணும். பேங்குக்கு இல்லை, உங்களுக்கே.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். 5 லட்சம் ரூபாய் லோன், 9% வட்டி, 5 வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 10,380 ரூபாய். மொத்தம் கட்டுவது 6.23 லட்சம். இதில் வட்டி மட்டும் 1.23 லட்சம். பழைய காருக்காக மாசம் 2,500 ரூபாய் தனியா எடுத்து வெச்சாலும், அந்த இஎம்ஐ-யோடு ஒப்பிட்டால் 7,880 ரூபாய் மிச்சம். வட்டியே இல்லாம உண்டியல்ல போட்டாக்கூட 60 மாசத்தில் 4.72 லட்சம் சேரும். காரோட விலையைக் கழிச்சாலும் 3 லட்சத்துக்கு மேல கையில நிற்கும்.

கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 2,500-ஐ பெரும்பாலானவங்க எடுத்து வைக்கிறதில்லை. அங்கேதான் "பழைய கார்னாலே செலவு" என்ற பேச்சு தொடங்குது.

அந்த இன்ஜின் எப்படி வேலை செய்யுது?

சான்ட்ரோ நம்ம ஊர் தயாரிப்பு. 1998 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 999 சிசி இன்ஜினோடு வந்தது. அப்போது மாருதி 800-ல் இருந்தது கார்புரேட்டர், சான்ட்ரோவில் எம்பிஎஃப்ஐ. 2003-ல் வந்த சான்ட்ரோ ஜிங்கில் 1,086 சிசி இன்ஜின். 2014 கடைசி வரை அது ஓடியது.

எம்பிஎஃப்ஐ என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக ஒரு இன்ஜெக்டர். டேங்க்குக்குள்ளே இருக்கிற மின்சார பம்ப் பெட்ரோலை அழுத்தி அனுப்பும். காற்றழுத்தம், த்ராட்டில், கூலன்ட் சூடு, சைலன்சர் பக்கம் ஆக்சிஜன் எல்லாவற்றையும் சென்சார்கள் அளந்து ஈசியு-வுக்குச் சொல்லும். இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்கணும் என்பதை ஈசியு முடிவு பண்ணும். ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று, இதுதான் அது பிடிக்கப் பார்க்கிற அளவு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சென்சார் தப்பாகச் சொன்னாலும் வண்டி நிற்காது, ஈசியு சமாளிச்சு ஓட்டிடும். மைலேஜ் மட்டும் மெதுவா இறங்கும். அந்தப் பணம் பெட்ரோல் பங்க்கில் போகுது, நமக்குத் தெரியறதில்லை. அதனால ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் கிலோமீட்டரைப் போன்ல குறிச்சு வைங்க. பைசா செலவில்லாத டெஸ்ட் அது.

தள்ளிப் போடக்கூடாத நாலு வேலை

1. டைமிங் பெல்ட். எப்போ மாத்தினாங்கன்னு பில் இல்லையா? வாங்கின வாரமே மாத்திடுங்க. அது ரப்பர். ஓடாமல் நின்ற காரிலும் வயசாகும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம். டென்ஷனரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க.

2. கூலன்ட். ரேடியேட்டரில் போர் தண்ணி ஊற்றாதீங்க. கடலோரப் பக்கம் உப்புத் தண்ணி என்றால் இன்னும் மோசம். உள்ளே படிவம் கட்டும், துருப்பிடிக்கும். இன்ஜின் சூடேறினால் அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கட் போகும். டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால் "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டக்கூடாது. உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க.

3. பெட்ரோல் பம்ப். மாசக் கடைசியில 200 ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போடுற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. டேங்க்கில் இருக்கிற பம்ப்பைக் குளிர வைக்கிறதே பெட்ரோல்தான். எப்பவும் ரிசர்வ்ல ஓட்டினால் பம்ப் சூடாகி ஆயுள் குறையும். கால் டேங்க்குக்குக் கீழே விடாதீங்க. இப்போ பங்க்குகளில் ஈ20 பெட்ரோல்; இந்தக் கார்களின் ரப்பர் ஹோஸ் அதை நினைச்சு செஞ்சது இல்லை. சர்வீஸ் விடும்போதெல்லாம் ஹோஸில் வெடிப்போ கசிவோ இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

4. ஆயிலும் ஏர் ஃபில்டரும். வானூர், திருவக்கரை பக்கம் கல் குவாரி, கிரஷர் ரோட்டில் தினமும் போறவங்க மேனுவல்ல போட்டிருக்கிற கிலோமீட்டருக்குக் காத்திருக்காதீங்க. பாதியிலேயே ஃபில்டரைக் கழற்றிப் பாருங்க. ஐடிலிங்ல வண்டி ஏறி இறங்கித் துடிச்சா, முதல்ல த்ராட்டில் பாடியை க்ளீன் பண்ணச் சொல்லுங்க. யாராவது எடுத்ததுமே "ஈசியு போச்சு" என்றால், ரெண்டாவது மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேளுங்க.

பேப்பர் செலவு

இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, 1,000 சிசி வரை தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 2,094 ரூபாய். 1,000-க்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய். ஜிஎஸ்டி தனி. அதாவது 86 சிசி கூடுதலுக்காக ஜிங்குக்கு வருஷம் 1,322 ரூபாய் அதிகம். 15 வருஷம் முடிஞ்ச காருக்கு ஆர்சி புதுப்பிக்க 5,000 ரூபாய், அது 5 வருஷம் செல்லும். 20 வருஷம் தாண்டினால் 2025-ல் வந்த விதிப்படி 10,000. பசுமை வரி இதில் சேராது.

வானூர், திண்டிவனம்காரங்களுக்கு இன்னொரு விஷயம். சேதராப்பட்டுல வேலை, பாண்டிச்சேரியில கார் மலிவு என்று பிஒய் நம்பர் வண்டியைப் பிடிக்கிறோம். தமிழ்நாட்டில் 12 மாசத்துக்கு மேல வைத்திருந்தால் என்ஓசி வாங்கி இங்கே மறுபதிவு செய்து, சாலை வரியும் கட்டணும். இதையும் சேர்த்த விலையை டிஎன்-16 அல்லது டிஎன்-32 வண்டியோடு ஒப்பிடுங்க. மலிவு பல நேரம் காணாமல் போயிடும்.

2,500-ஐ எப்படிப் பிரிப்பது?

1,000 வழக்கமான சர்வீஸுக்கு. 1,000 பெல்ட், டயர், கிளட்ச், பேட்டரி போன்ற பெரிய செலவுக்கு. 500 இன்சூரன்ஸ், ஆர்சிக்கு. சம்பளம் வந்த அன்னிக்கே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு ஆட்டோ டெபிட் போடுங்க. மாசம் முடிஞ்சு மீதி இருந்தா போடலாம்னா, மீதி இருக்காது.

யாருக்கு இது வேண்டாம்?

தினமும் திண்டிவனம்–சென்னை ஹைவேயில வேகமாப் போறவங்களுக்கும், கைக்குழந்தையோட அடிக்கடி தூரப் பயணம் போறவங்களுக்கும் வேண்டாம். டிரைவர் ஏர்பேக் நாட்டில் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். பழைய சான்ட்ரோ பெரும்பாலானவற்றில் ஏர்பேக்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. எந்த சேமிப்பும் அதை ஈடுகட்டாது. உள்ளூர்ல ஆபீஸ், மார்க்கெட், அப்பா அம்மாவை ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போக என்றால் தாராளமா எடுக்கலாம்.

பார்க்கப் போகும்போது ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. இன்ஜின் ஆறியிருக்கணும், சாவியைத் திருப்பினதும் செக் இன்ஜின் விளக்கு எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லைன்னா பல்பைக் கழற்றி வெச்சிருக்கலாம். அந்த வண்டியை விட்டுட்டு அடுத்ததைப் பாருங்க.