முகம் கொடுத்துக் கெடுத்தது

டெலிவிஷன் விஞ்ஞானக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் வேற்றுக்கிரக வில்லன்களைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, இதெல்லாம் குழந்தைகள் சமாசாரம், விமர்சனத்துக்கு இங்கே வேலை இல்லை என்பது. மற்றது, இவை நவீன யுகத்தின் புராணங்கள், அசுரர்கள் மீண்டும் மீண்டும் வருவது போலத்தான் இவர்களும் வருகிறார்கள் என்பது. முதலாவது வெறும் சோம்பல். இரண்டாவது ஜரிகை கட்டிய சோம்பல். புராணத்தில் திரும்பி வருவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஜய விஜயர்களுக்கு மூன்று பிறவி. அதோடு சாபம் தீர்ந்தது. டெலிவிஷன் வில்லனுக்கோ விமோசனமே கிடையாது. பார்ப்பவர் எண்ணிக்கை குறையாதவரை அவன் வந்துகொண்டுதான் இருப்பான்.

இந்த வியாபாரம் எல்லோருக்கும் தெரிந்ததே. நான் கேட்பது வேறு. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இந்த வில்லன்களுக்கு என்ன செய்யப்படுகிறது? முகமற்ற ஒரு தீமைக்கு முகம் ஒட்டப்படுகிறது. அதனால் தீமை நமக்குச் சௌகரியமான விஷயமாகிவிடுகிறது.

1963 நவம்பரில் பி.பி.சி. தொடங்கிய ‘டாக்டர் ஹூ’, காலத்தினூடே அலையும் ஒரு நாடோடியின் கதை. அடுத்த மாதமே அதில் டாலெக்குகள் வந்துவிட்டன. எழுதியவர் டெர்ரி நேஷன். உருவம் தந்தவர் பி.பி.சி.யில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ரேமண்ட் க்யூஸிக். யுத்தத்தில் உருச்சிதைந்த ஒரு இனம் உலோகக் கூட்டுக்குள் அடைந்துகொண்டு, தன்னைப் போல் இல்லாத எல்லாவற்றையும் அழிக்கக் கிளம்புகிறது. கால் இல்லை. முகம் இல்லை. தண்டின் நுனியில் ஒரு கண், தட்டையான யந்திரக் குரல். ஒரு டாலெக்கை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. நாஜிகளை மனதில் கொண்டே எழுதியதாக நேஷன் சொல்லியிருக்கிறார். ஐக்மன் விசாரணை பற்றிய ஹன்னா ஆரெண்டின் புத்தகம் வெளிவந்ததும் அதே 1963இல்தான். ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே இடத்தைத் தொட்டன: லட்சக்கணக்கானோரைக் கொல்ல ராட்சஸ மனம் வேண்டியதில்லை, உத்தரவும், அதை நிறைவேற்றும் கூடும் போதும். பின்னால் 1967இல் ஒரு சக்கரவர்த்தி டாலெக் வந்தது. அதுவும் கூடுதான். முகம் இன்னும் வரவில்லை.

ஸைபர்மென் 1966 அக்டோபரில் வந்தார்கள். கெர்ரி டேவிஸுடன் சேர்ந்து அவர்களைப் படைத்த கிட் பெட்லர் ஒரு மருத்துவ விஞ்ஞானி. பழுதான உறுப்பை மாற்றிக்கொண்டே போனால் மனிதன் எந்த இடத்தில் தீர்ந்துபோகிறான் என்ற பயத்திலிருந்து பிறந்தவர்கள் அவர்கள். அந்த முதல் கதையில் முகத்தைத் துணி மூடியிருக்கிறது. கைகள் மட்டும் மனிதக் கைகள். ஆளுக்கொரு பெயர்கூட இருந்தது. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. அவ்வளவு மலிவான உடுப்பில் இத்தனை பயங்கரம் சாத்தியமாகியிருக்கிறது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1982இல், உணர்ச்சியை வெட்டி எறிந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் இந்த இனத்தின் தலைவர், காரியம் பலித்தால் ‘எக்ஸலண்ட்’ என்று பூரிக்கிறார். மாதக் கடைசியில் விற்பனைக் கணக்கைப் பார்க்கும் மானேஜர் வேறு எப்படி இருப்பார்?

இனி டாவ்ரோஸ். 1975இல் நேஷன் எழுதிய ‘ஜெனிஸிஸ் ஆஃப் த டாலெக்ஸ்’ டாலெக்குகளைச் செய்த விஞ்ஞானியைக் கொண்டுவந்தது. பாதி உடல் செத்தவன், நாற்காலியே உடலானவன், பேச்சில் கெட்டிக்காரன். ஆறு பகுதிகள் கொண்ட இந்தக் கதை தொடரின் சிறந்தவற்றில் ஒன்று என்பதை நான் மறுக்கவில்லை. ஏனென்றால் அது தன் ஆபத்தைத் தானே அறிந்திருந்தது. முடிவில் டாலெக்குகள் தங்களைச் செய்தவனையே சுடுகின்றன. அவன் இரக்கம் கேட்கிறான். இரக்கம் என்ற சொல் அவற்றுக்குப் புரிவதில்லை. செய்தவன் இல்லாமலும் யந்திரம் ஓடும், செய்தவனையும் அது அரைக்கும் என்பதைவிடக் கறாராக இதைச் சொல்ல முடியாது.

சொன்னதை நான்கே வருஷத்தில் மறந்தார்கள். 1979இல் டாலெக்குகள் தங்கள் கிரகத்தில் பூமியைத் துளைத்துத் தோண்டுகின்றன. எதற்கு? டாவ்ரோஸைத் தேடி. தொடர் தன்னையறியாமல் தந்த வாக்குமூலம் என்றே இந்தக் காட்சியைச் சொல்வேன். அதன் பிறகு 1984, 1985, 1988 என்று பழைய தொடரில் வந்த டாலெக் கதைகள் அத்தனையிலும் டாவ்ரோஸ் உண்டு. டாலெக்குகள் அவனுடைய அடியாட்களாகவோ அவனை எதிர்க்கும் கோஷ்டியாகவோ சுருங்கிப்போயின.

இதற்கு ஒரு சமாதானம் உண்டு. டாலெக்குடன் வசனம் பேச முடியாது, நாடகத்துக்குப் பேசும் எதிரி வேண்டும் என்பார்கள். நியாயமான கஷ்டம்தான். ஆனால் அந்தக் கஷ்டம்தானே அந்தப் படைப்பின் பொருள்? எதனோடு வாதாட முடியாதோ, எது நம் கண்ணைப் பார்த்துப் பேசாதோ, அதன் முன் மனிதன் என்ன செய்வான் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, எழுதச் சிரமமாக இருக்கிறது என்று பேசத் தெரிந்த ஒருவனை நடுவில் உட்காரவைப்பது தன் கேள்விக்குத் தானே பயந்து ஓடுவதாகும்.

அமெரிக்காவிலும் இதே கதை. 1989இல் ‘ஸ்டார் ட்ரெக்’கில் போர்க் என்ற இனம் வந்தது. தனி மனிதர் யாரும் இல்லாத ஒரே கூட்டு மனம். அதனிடம் தலைவரைக் கூப்பிடு என்று கேட்க வழியில்லை. 1996இல் சினிமாவுக்குப் போனபோது அதற்கு ஒரு ராணி முளைத்தாள். ராணி செத்தால் கூட்டமும் சாகும். எவ்வளவு நிம்மதி!

இந்த நிம்மதியைத்தான் நான் குற்றம் சொல்கிறேன். 2015இல் மறுபடி வந்த டாவ்ரோஸ், போர்க்களத்தில் அகப்பட்டுக்கொண்ட ஒரு சிறுவனாக நமக்கு அறிமுகமாகிறான். ஒரு இனத்தையே கொலைக்கருவியாக்கிய வரலாறு கடைசியில் ஒரு பையனின் ஜாதகமாகிவிட்டது. ஒருவனைப் புரிந்துகொண்டால் போதும், அல்லது ஒருவனை ஒழித்தால் போதும் என்று சொல்லும் கதை, மற்ற எல்லோருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கிறது. யார் கூட்டைச் செய்து கொடுத்தார்கள், யார் எண்ணெய் போட்டார்கள், யார் உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள் என்று கேட்க ஆள் இருக்காது. நாஜிகளை நினைத்துப் பிறந்த டாலெக்குகளுக்கு நேர்ந்தது இதுவென்றால், அது பொம்மைக் கடையோடு முடிகிற விஷயமில்லை. உண்மையான சரித்திரத்தையும் நாம் இப்படித்தான் வாசிக்கப் பழகியிருக்கிறோம்: ஒரு மீசை, ஒரு பைத்தியம், ஒரு மரணம்.

1963இன் அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சியில் டாலெக் வெறும் மரமும் பெயிண்டும்தான். உள்ளே உட்கார்ந்து அதை நகர்த்தியவர் ஒரு நடிகர். திரையில் அவர் முகம் தெரியவில்லை. யாருடைய முகமாகவும் அது இருந்திருக்கலாம்.