ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

பெங்களூரின் பொம்மனஹள்ளியில் இன்று பல வீடுகளின் குழாயில் காவிரி வருகிறது. மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியிலிருந்து, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம் குழாயில் மேடேறி வரும் தண்ணீர் அது. 2007-ல் பெங்களூரு மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்கள் லாரித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி வெகுகாலம் காத்திருந்தன. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டபோதுதான் அவற்றுக்கு வழி பிறந்தது. இந்தத் தண்ணீர் எடுக்கப்படும் சிவசமுத்திரத்துக்குக் கீழே, மேகதாது வரைக்கும், பாறைகளுக்கிடையே பாயும் காவிரியில் ஒரு பெரிய மீன் இருந்தது. உலகத் தூண்டில்காரர்கள் அதைத் தேடிக் கடல் கடந்து வந்தார்கள். மஹ்சீர் என்பது அதன் பொதுப்பெயர். நம் ஆற்றில் வாழ்ந்தது அதில் திமில் உள்ள இனம். முதுகு எழும்பி, செதில் பொன்போல மின்னும்.

தை கழிந்து சித்திரை முடியும்வரை அந்தப் பகுதியில் நீர் வற்றித் தெளிந்து ஓடும். அதுதான் தூண்டில் பருவம். அமெரிக்காவின் ஒசார்க் மலைநாட்டு அணைகளில் பாஸ் மீன் பிடிக்கிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே மாதங்கள்தான் திருவிழாக் காலம். குளிர் விட்டுத் தண்ணீர் வெதுவெதுப்பாகும்போது பாஸ் மீன் முட்டையிடக் கரையோரம் ஒதுங்கும். கூட்டைக் காக்கும் ஆண் மீன் எதிரில் அசைவது எதையும் கவ்வும். காவிரி மஹ்சீரின் கதை வேறு. அது மழைக்கால வெள்ளத்தோடு எதிர்நீச்சல் போட்டு மேலேறி இனம் பெருக்குவது. கோடையில் அது பாறையிடுக்கிலும் மடுவிலும் கிடக்கும். அதைப் பிடிக்க வெள்ளைக்காரர் கொண்டுவந்த பளபளப்பான உலோகக் கரண்டி இரைகளைவிட நம்மூர்க் கேழ்வரகே வாகாக இருந்தது. மாவைக் கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, கொதிநீரில் வேகவைத்தால் உருண்டை இறுகிவிடும். வேகமான ஓட்டத்திலும் கரையாது, சின்ன மீன்கள் கொத்தினாலும் உதிராது. அதைத் தூண்டில் முள்ளில் செருகி, ஈயக் கட்டி கோத்து, பரிசலில் இருந்தோ பாறை மேலிருந்தோ வீசுவார்கள். எந்த மடுவில் எந்த நேரம் மீன் இரை தேடும் என்பது ஆற்றங்கரைக் கிராமத்து வழிகாட்டிகளுக்கு அத்துப்படி. சீமையிலிருந்து வந்த துரை அவர்கள் சொல்லைத் தட்டமாட்டார்.

இந்த மீனின் புகழுக்கு வயது நூற்றைம்பது. சென்னை மாகாணத்து ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் எழுதிய ‘தி ராட் இன் இண்டியா’ என்ற நூல், மஹ்சீரைப் பிரிட்டிஷ் சால்மனுக்கு நிகராக வைத்துப் பேசியது. 1946 மார்ச்சில் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள மஹ்சீரைப் பிடித்தார். விலங்குகளைப் பதப்படுத்தி நிறுத்துவதில் உலகப் பெயர் பெற்ற குடும்பம் அது. பின்பு அணைகள், தோட்டா வெடித்து மீன் அள்ளுவது எனப் பலவும் சேர்ந்து ஆற்றில் மீன் வற்றிப்போனது. பெரிய மஹ்சீர் போய்விட்டது என்றே பலரும் நம்பியிருந்த வேளையில், 1977-78-ல் வந்த மூன்று ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் அது இன்னும் இருக்கிறது என்று காட்டினார்கள். பெங்களூரில் 1972-ல் தொடங்கிய தென்னிந்திய வனவுயிர்ச் சங்கம் ஆற்றில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காத்தது. பீமேஸ்வரி, தொட்டமாக்களி, காலிபோரே ஆகிய இடங்களில் முகாம்கள் வந்தன. மீனைப் பிடி, எடை போடு, படம் எடு, தலையை ஓட்டத்துக்கு எதிரே திருப்பிப் பிடித்து அது மூச்சு தேறியதும் விட்டுவிடு என்பது அங்கே சட்டம். நேற்றுவரை வலை வீசியவர்கள் பலர் இந்த முகாம்களில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள்.

இதுவரை சொன்னது அழிவும் மீட்பும் கலந்த, எல்லாருக்கும் பிடித்த கதை. இதன் அடியில் இன்னொரு வரலாறு ஓடுகிறது. ஆற்றில் மீன் குறைந்தால் வெளியிலிருந்து கொண்டுவந்து விடலாம் என்ற எண்ணத்தின் வரலாறு அது.

அந்த எண்ணம் நீலகிரியில் முளைத்தது. உதகையின் குளிரில் ஊர் நினைப்பு வந்த ஆங்கிலேயருக்கு மலை ஓடைகளில் டிரவுட் இல்லாதது பெருங்குறை. பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1863-ல் டிரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். 1879-ல் நீலகிரி வேட்டை விலங்குகள் மற்றும் மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதைப் பாதுகாப்பது என்பதை வேட்டைக்காரரும் தூண்டில்காரருமே முடிவு செய்த காலம் அது. 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. எச். சி. வில்சன் என்ற மீன்வள வல்லுநர் அடுத்த சில ஆண்டுகளில் வானவில் டிரவுட்டை அங்கே நிலைநிறுத்தினார். வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் சொந்தமான அந்த மீன் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து எனப் பல நாடுகள் சுற்றி நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. இலங்கையின் நுவரெலியாவில் டிரவுட் அதற்கு முன்பே குடியேறியிருந்தது. தேயிலை போன மலைகள் பலவற்றுக்கு டிரவுட்டும் போனது.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் போக்கு மாறவில்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு எழுந்த குந்தா நீர்மின் திட்டம் அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என அடுத்தடுத்து நீர்த்தேக்கங்களை உண்டாக்கியது. சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே தெளிந்து கிடக்கும் அந்த அணைகளில் டிரவுட் விடுவது மீன்வளத் துறையின் வழக்கமாயிற்று. சமவெளியிலோ கட்லாவும் ரோகுவும் மிர்காலும் வந்தன. கங்கைச் சமவெளியின் மீன்களை இன்று மேட்டூர்க் கட்லா என்று விலை கேட்டு வாங்குகிறோம். அவை நம்மூர் மீன் இல்லை என்பதே நமக்கு மறந்துவிட்டது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கத் திலேப்பியா ஜிலேபி கெண்டை என்ற பெயரில் ஏரி ஏரியாகப் பரவி, இன்று ஏழையின் மீனாகிவிட்டது.

இப்படி மீன் விட்டவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பசித்த நாட்டுக்கு மீன் வேண்டியிருந்தது. மலிவான புரதம் தந்த மீன்வளத் துறையை இன்று உட்கார்ந்து ஏசுவது எளிது. ஆனால் விட்ட மீன் அதே நீரில் ஏற்கெனவே இருந்த மீனை என்ன செய்தது என்ற கணக்கை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. அப்படிக் கணக்கு எழுதப்பட்ட மிகச் சில இடங்களில் ஒன்று காவிரி. எழுதியவர்கள் தூண்டில்காரர்கள்.

டாடா மின் நிறுவனம் லோனாவாலாவில் நடத்திய பொரிப்பகம் 1970-களில் மஹ்சீர் குஞ்சுகளைச் செயற்கையாகப் பொரித்துப் பெரும் சாதனை படைத்தது. அது நீலத்துடுப்பு மஹ்சீர் என்ற இனம். அதன் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்கும் போயின; காவிரிக்கும் வந்தன. மஹ்சீர் குறைகிறது, மஹ்சீர் விடுகிறோம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மஹ்சீரில் பல இனம் உண்டு, காவிரியில் இருப்பது தனி இனம் என்று நின்று பார்க்க அப்போது ஆளில்லை.

காலிபோரே முகாமில் ஒவ்வொரு நாளும் யார், எத்தனை மணி நேரம், எந்த மீன், எவ்வளவு எடை என்று ஏட்டில் குறித்துவந்தார்கள். 1998 முதல் 2012 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மஹ்சீர்களின் குறிப்பு அதில் சேர்ந்தது. ஏ. சி. பிண்டர், ராஜீவ் ராகவன் முதலான ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் படித்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல சேதிதான். ஆண்டுக்காண்டு பிடிபடும் மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. இனம் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. கூடியதெல்லாம் வந்தேறிய நீலத்துடுப்பு. திமில் மஹ்சீர் ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. கிடைத்த ஓரிரண்டும் பெரியவை. இளம் மீன்களே இல்லை. கிழடுகள் மட்டும் மிஞ்சி, அடுத்த தலைமுறை பிறக்காமல் நின்றுபோன இனம் அது.

இன்னும் வேடிக்கை, நூற்றைம்பது ஆண்டு புகழ் பெற்ற அந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர்கூட இருக்கவில்லை. கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை வைத்து 2007-ல் விவரிக்கப்பட்ட டோர் ரேமாதேவி என்ற இனமும் காவிரியின் திமில் மஹ்சீரும் ஒன்றே என்று 2018-ல்தான் உறுதியானது. அந்த ஆண்டே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிவிட்ட உயிரினம் என்று பட்டியலில் சேர்த்தது. பெயர் வைத்த கையோடு அபாயப் பட்டியலிலும் ஏற்றவேண்டி வந்தது. அது இன்று உயிரோடிருக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று மாயாறு. முக்குருத்தியில் பிறந்து பைக்காராவாக இறங்கி, மாயாறாகிப் பவானிசாகருக்குப் போகும் அதே நீர். தலைமாட்டில் டிரவுட், கால்மாட்டில் திமில் மஹ்சீர் என்று ஒரே ஆற்றின் இரு முனையில் நம் மீன் வரலாறு முழுவதும் கிடக்கிறது.

இது நம் நாட்டுக் கோளாறு மட்டுமல்ல. பாஸ் மீனை 1925-ல் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் ஜப்பானின் அஷி ஏரியில் விட்டார்கள். அங்கிருந்து அது பரவி பிவா ஏரிக்கும் போனது. 1932-ல் ஜார்ஜியாவில் பதிவான உலகச் சாதனையைச் சமன்செய்த பாஸ் 2009-ல் பிடிபட்டது அந்த பிவா ஏரியில்தான். அதே மீனை ஜப்பான் 2005-லேயே கேடு செய்யும் அயல் இனமாகச் சட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தது. தூண்டில்காரனுக்குச் சாதனை, ஏரியின் பழைய மீன்களுக்கு அது வேறு.

பொம்மனஹள்ளிக்குத் திரும்புவோம். இங்குள்ள ஏரிகளில் மீன் குத்தகை பழைய வழக்கம். பக்கத்து பேகூரில், பெங்களூரு என்ற பெயரைத் தாங்கிய ஆயிரம் ஆண்டுப் பழமையான கல்வெட்டு நாகேஸ்வரர் கோயிலில் இருக்கிறது. ஏரியை வெட்டிக் காத்து வாழ்ந்த ஊர்களின் தொடர்ச்சி இந்த வட்டாரம். இன்று அந்த ஏரிகளில் வளர்ப்புக் கெண்டைகளும் ஜிலேபியும், தடை செய்யப்பட்டும் ஒழியாத ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பிழைக்கின்றன. சாக்கடை கலந்த நீரில் வேறெது பிழைக்கும்? மடிவாளா ஏரி நிரம்பினால் அகரம், பெல்லந்தூர், வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணைக்குத்தான் போகும். பெல்லந்தூரின் நுரை ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வழி புதிதல்ல. நுரை போகும் வழியில் மீனும் போகும். வளர்ந்துவிட்ட தொட்டி மீனை, கொல்ல மனமில்லாமல் ஏரியில் விடுகிறவர் ஓர் உயிரைக் காத்த நிம்மதியோடு வீடு திரும்புகிறார். அவர் விட்டது கிருஷ்ணகிரி வரை போகக்கூடிய ஓர் ஆற்றில்.

2018-ல் திமில் மஹ்சீருக்குப் பெயர் கிடைத்த சில மாதங்களுக்கு முன்புதான், பிப்ரவரி 16 அன்று, உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பை வழங்கியது. தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி, பெங்களூரின் குடிநீருக்காகக் கர்நாடகத்துக்குக் கூடுதலாக 4.75 டிஎம்சி. சுற்றுச்சூழலுக்கென 10 டிஎம்சியும் கணக்கில் உண்டு. இரு மாநிலமும் ஒவ்வொரு டிஎம்சிக்கும் வாதாடின, வாதாடவும் வேண்டும். மேகதாது அணையைப் பற்றிய சண்டையும் டிஎம்சியிலேயே நடக்கிறது. அந்த அணை எழுந்தால் மஹ்சீரின் பழைய பாறை ஓட்டங்களில் பெரும்பகுதி தேங்கிய நீரில் மூழ்கும் என்பது இரு கரையிலும் அதிகம் பேசப்படாத சங்கதி. தண்ணீரை அளக்க நமக்கு ஆணையமும் அளவுகோலும் இருக்கின்றன. தண்ணீரில் இருப்பதை அளக்க ஒரு தூண்டில் முகாமின் ஏடுதான் இருந்தது. வனவுயிர்ச் சட்டப்படி சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று முகாம்கள் நிறுத்தப்பட்டபோது, 2012-ஓடு அந்த ஏடும் நின்றுபோனது.

விளையாட்டுக்காக மீனைத் துன்புறுத்துவது சரியா என்ற கேள்வி நியாயமானது. பிடித்து விட்டாலும் சில மீன்கள் சாகின்றன என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டு ஏடு இல்லாமல் இருந்திருந்தால் காவிரியில் மஹ்சீர் பெருகிவிட்டது என்று இன்றும் மகிழ்ந்துகொண்டிருப்போம். தூண்டிலைத் தடுத்த அரசு அதற்கு ஈடாக ஒரு கணக்கெடுப்பையாவது தொடங்கியிருக்க வேண்டும். ஆற்றைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த கண்களை மூடிவிட்டு ஆற்றைப் பாதுகாத்ததாகச் சொல்ல முடியாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது மீன் குஞ்சுக்கும் பொருந்தும். இரு மாநில மீன்வளத் துறைகளும் செய்ய வேண்டியவை மூன்று. காவிரியிலும் அதன் கிளைகளிலும் அயல் மஹ்சீர் விடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். மாயாற்றில் எஞ்சியிருக்கும் திமில் மஹ்சீரைக் கூட்டாகக் கணக்கெடுத்து, அந்த ஆற்றின் நீரோட்டத்தைக் காக்க வேண்டும். முன்னாள் வழிகாட்டிகளையும் ஆற்றங்கரை மீனவர்களையும் சம்பளத்துக்கு அமர்த்தி, மூடிய ஏட்டை மறுபடி திறக்க வேண்டும். டிஎம்சி கணக்கோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு தூசு. நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது அதைவிட எளிது: புண்ணியத்துக்கானாலும் பொழுதுபோக்குக்கானாலும் ஏரியிலோ ஆற்றிலோ எந்த மீனையும் கொண்டுபோய் விடாதீர்கள்.