தரகர் ஒழிந்தார் என்னும் பிரமை

இணையம் வந்ததும் தரகர் ஒழிந்தார், இனிக் கலைஞன் தன் ரசிகனை நேரே கண்டு, தன் சித்திரத்துக்குத் தானே விலைகூறி, எவர் முன்னும் கைகட்டி நிற்காமல் ஜீவிக்கலாம் என்று படித்தவரும் பாமரரும் ஒரே குரலில் சொல்லிவரும் இக்காலத்தில், அந்த அபிப்பிராயத்தை மறுப்பவன் பழைமைவாதி என்று பெயர் வாங்குவது நிச்சயம். அந்தப் பெயர் எனக்குச் சம்மதமே.

சித்திரசாலைக்காரர்களில் பலர் விலையில் பாதியை எடுத்துக்கொண்டார்கள் என்பது பொய்யன்று. ஆனால் அந்தப் பாதிக்காக அவர்கள் சுவரும் விளக்கும் தந்தார்கள், விவரப் புத்தகம் அச்சிட்டார்கள், வாங்கத் தயங்கிய தனவந்தரின் வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள். இன்றோ, படத்தைப் புகைப்படம் எடுப்பதும், அதற்கு வர்ணனை எழுதுவதும், சேதமாகாமல் கட்டித் தபாலில் சேர்ப்பதும், நடுநிசியில் வந்து ‘இன்னும் குறைக்க முடியுமா’ என்று கேட்பவருக்கு முகங்கோணாமல் பதில் சொல்வதும், தூரிகை பிடித்த கையைக் காட்டி அரை நிமிஷச் சலனப்படம் தயாரிப்பதும் கலைஞன் தலையில் விழுந்திருக்கின்றன. தரகு வேலை முழுவதையும் நம்மிடம் தள்ளிவிட்டுத் தரகை மட்டும் வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியத்தைப் பழைய தரகர் அறியார்.

2005-இல் அமெரிக்காவின் புரூக்ளினில் தொடங்கிய எட்ஸி என்னும் இணையச் சந்தையைப் பாருங்கள். கைவினைஞரின் புகலிடமென்று பேரெடுத்த அந்த ஸ்தாபனம், விற்ற விலையில் 3.5 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்து, 2018-இல் அதை 5 ஆக்கித் தபால் கூலியின் மீதும் விதித்து, 2022 ஏப்ரலில் 6.5-க்கு உயர்த்தியது. வருஷத்தில் 10,000 டாலருக்கு மேல் விற்றவர், வெளி விளம்பரத்தின் வழியாக வந்த விற்பனைக்கு மேலும் 12 சதவீதம் தந்தே தீரவேண்டும். அந்த விளம்பரமே வேண்டாமென்று விலகும் உரிமை சிறு வியாபாரிக்கு உண்டு, வளர்ந்தவருக்கு இல்லை. (வளர்ச்சிக்கு விசித்திரமான சன்மானம்!) ஆயிரக்கணக்கானோர் அந்த ஏப்ரலில் ஒரு வாரம் கடையடைத்துப் பார்த்தார்கள், கட்டணம் இறங்கவில்லை. வாடிக்கைக்காரரை அழைத்துக்கொண்டு வேறிடம் போகலாமென்றால், வாங்கியவரின் முகவரி கையில் இருந்தும், அவர் சம்மதமின்றிப் புதுச் சித்திரத்தைப் பற்றி ஒரு கடிதம் எழுதுவதையும் சந்தையின் விதிகள் தடுக்கின்றன.

விற்பது இழிவென்று நான் சொல்லவில்லை. கே. சி. எஸ். பணிக்கரும் அவரைச் சூழ்ந்த சென்னைக் கலைஞர்களும், பாட்டிக் துணிகளைக் கூட்டாக விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஸ்தாபித்தார்கள். ஜீவனத்துக்குக் கைவினைப் பொருள் இருந்தபடியால், தங்கள் சித்திரத்தை யார் வாங்குவார் என்னும் விசாரமின்றி அவர்களால் வரைய முடிந்தது. இன்றைய உபதேசமோ இதற்கு நேர்விரோதமாக, எது அதிகம் பார்க்கப்படுகிறதோ அதையே வரை, தினந்தோறும் வரை என்கிறது. கடலோர நிலம் இன்று யாருக்குக் கிட்டும் என்று கேட்பார்கள். அன்றும் அது தனியொரு சைத்ரிகருக்குக் கிட்டவில்லை. முதலில் சங்கமாகக் கூடினார்கள், பிறகுதான் நிலம் தேடினார்கள்.