ஃபார்மட் போடும் முன் ஒரு கேள்வி!

ஓவேலியில் மழைக்காலம் வந்துவிட்டால் கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்படியொரு நாளில், தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் சிறு விவசாயி ஒருவர் வீட்டு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மகன் அதைத் தூக்கிக்கொண்டு கூடலூருக்கு ஓடுகிறான்.

“விண்டோஸ் போயிடுச்சு தம்பி. சி டிரைவை ஃபார்மட் போடணும். எடுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?”

“டாக்குமென்ட்ஸ்ல இருக்கிற போட்டோ மட்டும் எடுத்துக் கொடுங்கண்ணா, போதும்.”

மறுநாள் கம்ப்யூட்டர் புதுசுபோல ஓடுகிறது. ஆனால் மூன்று வருட இலைக் கணக்கைக் காணோம்! எந்த மாதம் ஃபேக்டரிக்கு எத்தனை கிலோ போனது, பாக்கி எவ்வளவு... எல்லாம் போச்சு.

தப்பு எங்கே? மிக்ஸி ரிப்பேருக்குப் போனால், அரைத்த மாவும் கூடவே போவதில்லை. மாவு தனிப் பாத்திரத்தில் இருக்கிறது. சாஃப்ட்வேரும் அப்படித்தான் இருக்க வேண்டும். புரோகிராம் ஓரிடம், அதன் செட்டிங்ஸ் ஓரிடம், நாம் உழைத்துச் சேர்த்த தகவல் வேறிடம்.

முன்பெல்லாம் பல புரோகிராம்கள், இன்ஸ்டால் ஆன ஃபோல்டருக்குள்ளேயே கணக்கையும் எழுதி வைத்தன. 2007-ல் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்தபோது, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் சாதாரணமாக எழுத முடியாதபடி பூட்டு விழுந்தது. வைரஸ் புகாமல் இருக்க அது நல்லதுதான். ஆனால் பழைய புரோகிராம் அங்கே எழுதப் பார்த்தால், விண்டோஸ் சத்தமில்லாமல் அந்த ஃபைலை ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற வேறொரு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். அது இருப்பது ‘ஆப்டேட்டா’வுக்குள். ஆப்டேட்டாவோ, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர்! தண்டர்பேர்டில் மெயில் பார்ப்பவர்களின் கடிதங்களும் இந்த ஆப்டேட்டாவில்தான் இருக்கின்றன.

லினக்ஸில் இதற்கு 2003-லேயே ஒரு பொது ஒழுங்கு எழுதப்பட்டது. செட்டிங்ஸ், தகவல், தற்காலிக ஃபைல்கள் மூன்றுக்கும் தனித்தனி இடம். மூன்றும் பயனரின் ‘ஹோம்’ ஃபோல்டருக்குள்ளேயே. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் அதில் வந்தது நினைவிருக்கலாம். அதில் ஹோம் ஃபோல்டரை முழுசாக காப்பி செய்தால், பெரும்பாலும் எல்லாமே கைக்கு வந்துவிடும்.

விண்டோஸில் என்ன செய்வது? சி டிரைவில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். ‘வியூ’ மெனுவில் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ஸை டிக் செய்துவிட்டு, அதை முழுசாக காப்பி எடுங்கள். கணக்கு சாஃப்ட்வேர் என்றால், அதிலேயே இருக்கும் ‘பேக்கப்’ வசதியை வாரம் ஒருமுறை பயன்படுத்துங்கள். காப்பியை டி டிரைவில் போட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். பல கம்ப்யூட்டர்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். டிஸ்க் போனால் இரண்டும் போகும். பென்டிரைவோ, வெளி ஹார்டு டிஸ்க்கோதான் பாதுகாப்பு.

அப்பா நோட்டில் கணக்கு எழுதிய காலத்தில், அந்த நோட்டு பீரோவில் எந்தத் தட்டில் இருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் அது தெரிந்திருக்க வேண்டும். புது சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: “நம்ம கணக்கு எந்த ஃபோல்டர்ல இருக்கு?”