மிளகு விலை எங்கே எழுதப்படுகிறது?

கொல்லிமலை தேவனூர் நாட்டில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறிய கொடிகளில் தை, மாசியில் மிளகு பறிப்பார்கள். காயவைத்து மூட்டை கட்டியவரிடம் விலை கேட்டால், "வியாபாரி சொல்றதுதாங்க" என்பார். அந்த வியாபாரிக்கு விலை சொல்வது யார்? மலையிலுள்ள செம்மேட்டில் விசாரித்தால் தெரியாது. டெல்லியிலும் கொழும்பிலும் உள்ள காகிதங்களைப் படிக்க வேண்டும்.

1998 டிசம்பரில் இந்தியாவும் இலங்கையும் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு சுங்க வரியில்லாமல் இங்கே வரலாம். இலங்கையில் விளைந்ததுதான் என்ற சான்று வேண்டும், அவ்வளவே. மிளகு உற்பத்தியில் உலகில் முதலிடத்திலுள்ள வியட்நாமின் சரக்கே அந்தச் சான்றோடு வருகிறது என்று நம் விவசாயிகள் முறையிட்டார்கள்.

2017 டிசம்பரில் மத்திய அரசு, இறக்குமதி மிளகுக்குக் குறைந்தபட்ச விலையாகக் கிலோவுக்கு 500 ரூபாய் நிர்ணயித்தது. நல்ல முடிவு. ஆனால் அடுத்த புகார் எழுந்தது: மலிவாக வாங்கிய சரக்குக்கே 500 ரூபாய் என்று பில் போடுகிறார்களாம். அப்படியானால் கூடுதலாகக் காட்டிய பணம் எந்த வழியாக யாரிடம் திரும்புகிறது? இதைத் தோண்டி எடுக்கக் கணக்கும் தெரிய வேண்டும், 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒருவரே படித்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நாமே ஏற்றுமதி செய்தாலும் இதே கதைதான். எல்.சி. எனும் கடன் உறுதிக் கடிதத்தின் மூலம் பணம் தரும் வங்கி மிளகை முகர்ந்து பார்ப்பதில்லை. ஆவணங்களை மட்டுமே பார்க்கும். அதில் பிழையிருந்தால் பணத்தை நிறுத்திவைக்க அதற்கு உரிமை உண்டு. சரக்கு விற்பனை பற்றிய 1980-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊரில் நடுவர் மன்றம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பலர் படிக்காமல் கையெழுத்திடுவது இவை எழுதப்பட்ட கடைசிப் பக்கத்தில்தான்.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு எட்டாததல்ல. திருச்சியில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் பி.காம்., எல்.எல்.பி. சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. அதற்குக் கிளாட் எனும் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் அது உண்டு; அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள்.

கொல்லிமலை உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்களே, நர்சிங், போலீஸ் வேலை பற்றிச் சொல்லும்போது இந்தப் படிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் இருங்கள். மிளகு விளைகிற வீட்டுப் பிள்ளை அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவளாக வர வேண்டும்.